இருநூறு காலண்டர் தாளும் எட்டரை பஸ்ஸும்

புள்ளியியல்னு சொன்னதும் பின் வரிசையில ரெண்டு பேர் வாட்டர் பாட்டிலைத் திறக்கிறீங்க... மூடுங்கப்பா. கணக்கு போடச் சொல்ல மாட்டேன். கையில ஒரு குட்டிக் கதைதான் இருக்கு, அதைக் கேட்டா போதும்.

மணப்பாறையில சவரிமுத்துன்னு ஒருத்தர். பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். அவர் மனைவி ஜெசிந்தா. ரெண்டு பிள்ளைங்களை வளர்த்துக்கிட்டே அரசு வேலைக்கு மூணு வருஷம் படிச்சவங்க. பரீட்சை திருச்சியில, பஸ் நிக்கிற இடத்துக்கு எதிர்லயே. ஒன்பதரைக்கு கேட்டைப் பூட்டிடுவாங்க. ஒரு நிமிஷம் தாண்டினாலும்... அந்த மூணு வருஷமும் போச்சு.

சவரிமுத்து மீசையைத் தடவிக்கிட்டே சொல்றார்: "சராசரி ஒரு மணி நேரம். எட்டரை பஸ்ஸுல ஏறு. பஸ்ஸைப் பத்தி எங்கிட்டயேவா?"

அந்தம்மா வாக்குவாதம் பண்ணலை. பீரோ மேல இருந்து ஒரு கட்டு எடுத்துட்டு வந்தாங்க. என்ன கட்டு? கிழிச்ச காலண்டர் தாள்! திருச்சிக்கு கோச்சிங் கிளாஸ் போன இருநூறு நாளும், பஸ் எத்தனை நிமிஷம் எடுத்துச்சுன்னு தாளுக்குப் பின்னாடி குறிச்சிருக்காங்க. நாற்பது இந்த ஓரம், எண்பது அந்த ஓரம், அறுபது நடுவுல... தரையில அடுக்க அடுக்க என்ன ஆச்சு? நடுவுல உசந்து, ரெண்டு பக்கமும் சரிஞ்சு, ஒரு குட்டி மலை.

"என்னங்க, அறுபதுக்கு மேல எத்தனை தாள்? எண்ணுங்க."

"நூறு."

"அப்ப எட்டரை பஸ்ஸுல போனா?"

"...பாதி நாள் லேட்டு."

"எழுபதுக்கு மேல?"

"முப்பத்திரண்டு."

"எண்பதுக்கு மேல?"

"அஞ்சே அஞ்சு."

"அப்ப எனக்கு எட்டு பத்து பஸ்."

மனுஷன் விடுவாரா? "போ, போ. நான் சாப்பாடு எடுத்துக்கிட்டு எட்டரைலயே வர்றேன். பார்க்கலாம்."

பரீட்சை அன்னிக்கு நல்ல மழை. ரெண்டு பஸ்ஸும் எழுபத்திரண்டு நிமிஷம். அந்தம்மா ஒன்பது இருபத்திரண்டுக்கு உள்ள போயிட்டாங்க. இவர் தூக்குவாளியோட வந்து நிக்கிறார்... மணி ஒன்பது நாற்பத்திரண்டு. வாட்ச்மேன் கேக்கிறார், "ஏங்க, பரீட்சையா? கேட்டைப் பூட்டியாச்சே."

சவரிமுத்து சொன்னார்: "இல்லண்ணே... நான் சராசரியை நம்பி வந்தவன்."

சிரிக்கிறீங்க. ஆனா நம்மள்ல எத்தனை பேர் தினமும் அந்த எட்டரை பஸ்ஸுல போறோம்? நடு எதுன்னு தெரிஞ்சா மட்டும் போதுமா? நடுவுல இருந்து நீங்க எவ்வளவு தள்ளி நிக்கிறீங்க? அதுக்கும் அந்தப் பக்கம் எத்தனை தாள் மிச்சம்? இயல்நிலைப் பரவல், திட்ட விலக்கம், வளைவுக்குக் கீழே பரப்புன்னு புத்தகம் உங்களை மிரட்டுதே... அது கேக்கிறதும் இதைத்தான். ஜெசிந்தா தாள்ல பத்து நிமிஷம் ஒரு திட்ட விலக்கம். எண்பதுன்னா ரெண்டு விலக்கம். அதைத் தாண்டுறது நூத்துக்கு ரெண்டு, ரெண்டரை. அவ்வளவுதான்.

அந்த அஞ்சு தாளை ஜெசிந்தாவாலயும் அழிக்க முடியலை. மழையை யார் நிறுத்த முடியும்? ஆனா நூறு தாள் பயத்தை அஞ்சு தாளா ஆக்கிட்டு, தைரியமா பஸ் ஏறினாங்க பாருங்க... அதுக்குத்தான் கண்ணுங்களா, இந்தப் பாடம்.

இப்ப பாட்டிலைத் திறந்து தண்ணி குடிங்க.