அர்ஜென்டினாவில் பேசிய மனிதர்

லண்டனில், வெம்பிளியிலிருந்து ஹரோ போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கணவரோடு சுற்றுலாக் குழுவில் தென்னமெரிக்கா சுற்றிவிட்டு வந்திருந்த ஒருத்தி தோழியிடம் சொன்னாள்:

"என்ர மனுசனுக்குக் கதைக்கத் தெரியும் எண்டு அர்ஜென்டினாவிலதான் எனக்குத் தெரிஞ்சுது."

"என்னடி சொல்லுறாய்?"

"பஸ்ஸில எல்லாரையும் சிரிக்க வைச்சார். இகுவாசு அருவியில ஒரு வெள்ளைக்காரக் கிழவியைக் கைபிடிச்சுப் படியிறக்கினார். வைன் தோட்டத்தில எல்லாரும் என்னட்டை வந்து, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் எண்டு சொல்லிச்சினம்."

"இப்ப?"

"ஹீத்ரோவில இறங்கினதோட வாயை மூடிட்டார். வீட்டில முப்பது வருசமாக் கேட்ட ரீவிச் சத்தம்தான்."



"இனி என்ன செய்யப் போறாய்?"

"அடுத்த வருசத்துக்கும் புக் பண்ணிட்டன். மற்றவையோட அவர் கதைக்கிறதைப் பக்கத்தில இருந்தெண்டாலும் கேக்கலாம்."