கிழிந்த பையோடு வாருங்கள்

மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு மணியைத் தன் கையில் எடுத்துக்கொண்ட மதிப்பிற்குரிய வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! கடையைப் பூட்டிவிட்டு, மனத்தை மட்டும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! கைத்தட்டலையும் சிக்கனமாகச் செலவழிக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் கையில் கைப்பேசியுமாக வீற்றிருக்கும் தாய்மார்களே! பை தைத்து, ஜிப் மாற்றிப் பிழைக்கும் இந்தச் சகோதரியின் பணிவான வணக்கம்.

‘தொலைக்காட்சிப் புகழ்’ என்று என்னை அறிவித்தார்கள். அந்தப் புகழ் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தொழிலில் வென்றவர்களைக் காட்டும் நிகழ்ச்சியாம். படம் பிடிக்க வந்த தம்பி கேட்டார்: “அக்கா, பட்டினி கிடந்த அனுபவம் இருக்கா?”

“இல்லப்பா. வேளாவேளைக்குச் சாப்பிட்டுடுவேன்.”

தம்பியின் முகம் வாடிவிட்டது. “கொஞ்சமாவது அழுதிருப்பீங்களே?”

“ஊசி குத்தினப்ப அழுதிருக்கேன்.”

அதையே அழுது காட்டச் சொன்னார். தையல் மெஷின் அழகாக இல்லையென்று வெளியே போனது. பூச்சாடி உள்ளே வந்தது. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கார் நின்றது. யாருடைய கார்? இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரங்கே சிரிப்பது, பாத்திரக்கடை அண்ணனா? சிரியுங்கள், உங்களையும் தேடி வருவார்கள்.

ஒளிபரப்பானது. முதலில் அழுகிறேன்; அடுத்து காரில் ஏறுகிறேன். நடுவில் தொழில் என்று ஒன்று இருந்ததே, அதைக் காணோம்! பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் வீட்டுக்காரர் கண்கலங்கி, “இவ்வளவு கஷ்டப்பட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவருடன்தான் இருக்கிறேன்.

மறுநாள் கடையில் கூட்டம். நன்கொடை கேட்டு வந்தார்கள். யோசனை கேட்டு வந்தார்கள். அக்கா மகன் வேலையை விட்டுவிட்டே வந்துவிட்டான். “சித்தி, நானும் தொழில் தொடங்கப்போறேன். முதல்ல காரை எடுத்துடலாமா?” என்றான். கிழிந்த பை? ஒன்று கூட வரவில்லை ஐயா, ஒன்று கூட வரவில்லை!

எதிர்வீட்டு டீச்சர், வாய் பிளந்த பையைக் கக்கத்தில் மறைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். மறித்தேன். “நீங்க இப்ப பெரிய ஆளாயிட்டீங்க. ஒரு ஜிப்புக்காக உங்களத் தொந்தரவு பண்ணலாமா?” என்றார். கேட்டீர்களா, தாய்மார்களே? இப்படியே போனால் அடுத்த மாதம் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

எது வெற்றி? வாசலில் நிற்கும் வண்டியா? வரவழைத்து வடித்த கண்ணீரா? வந்த பையை வாங்கி, வாக்குக் கொடுத்த நாளில், வாடிக்கையாளர் கையில் வைப்பதல்லவா வெற்றி! பல்லுப்போன ஜிப்பும் பகையில்லை எனக்கு. பட்டையறுந்த பையும் பாரமில்லை எனக்கு. நான் பெரிய ஆளாகவில்லை, பெரியோர்களே, ஆகவே இல்லை!

தலைவர் அவர்களே, நானும் வந்ததிலிருந்து பார்க்கிறேன். எனக்குத் தரவேண்டிய கேடயம் அந்தப் பைக்குள் இருக்கிறது, ஜிப் சிக்கிக்கொண்டது, மணியைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்கடியில் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்படிக் கொடுங்கள்.

என்ன சொல்கிறீர்கள், “நீங்க போய் இதச் செய்யலாமா”வா? ஐயா, நான்தான் செய்யணும்!

யாரிடமாவது பென்சில் இருக்கிறதா? நன்றி, தாயே. பல்லின் மேல் இப்படித் தேய்த்து, மெல்ல இழுத்தால்... இதோ, திறந்துவிட்டது. கைதட்ட வேண்டாம், நாளைக்குப் பையோடு வாருங்கள். காலையிலேயே திறந்துவிடுவேன். வாசலில் கார் நிற்காது. தாராளமாக உள்ளே வரலாம். பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி, வணக்கம்.