அப்பர் திறந்து விட்ட கிணறு

உந்தக் கொப்பியை எங்கை கண்டாலும் எனக்குத் தெரியும் தங்கச்சி. உந்த நீல மட்டையிலை தேத்தண்ணி வட்டம் ஒண்டு கிடக்கெல்லே, அது நான் கோப்பை வச்ச அடையாளம். ஓம், பிரகலாதன்தான். உங்கடை நிருஷன் அண்ணையோடை டவுனிலை ஒரே ஒபிசிலை வேலை செய்தனான். தாடி விட்டிருக்கிறன், அதுதான் உமக்கு மட்டுப்பிடிக்கேலாமல் போச்சு. நீர் கஜந்தினி. நான் புத்தூருக்கு வரேக்கை தேத்தண்ணியை மேசையிலை வச்சிட்டு ஒரே ஓட்டமா ஓடுறனீர். இரும், இரும், உம்மடை புத்தகப் பாக்கை நான் மடியிலை வைக்கிறன்.

இண்டைக்கோ? பத்து மணிக்கோ? ஜாவாக் கொம்பியூட்டர் சோதினையோ?

ஆ.

நல்லது தங்கச்சி. நல்லது. இல்லை, ஒண்டுமில்லை, இந்த பஸ் யன்னலாலை வெய்யில் அடிக்குது.

என்னத்தைப் பார்க்கிறதெண்டு இப்ப கேக்கிறீரே, சிறுப்பிட்டி தாண்டினாப் பிறகு! புதுசா ஒண்டையும் தொடாதையும். கேள்வியைக் கண்டவுடனை விடை என்ன வருமெண்டு ஓடாதையும். இது முதல் கொம்பைல் ஆகுமோ, கொம்பியூட்டர் இதை ஏற்குமோ எண்டு பாரும். அங்கை நாலு விடையிலை ஒண்டு, கொம்பைல் ஆகாது எண்டு, மூலையிலை பேசாமல் குந்திக்கொண்டிருக்கும். நாங்கள் மற்ற மூண்டையும் போட்டுப் பிசைஞ்சு மூளையைக் கெடுப்பம். பேந்து, ரெண்டு சொல்லை ஒப்பிடுற கேள்வி வந்தால் நிண்டு யோசியும். ஒரே நிறத்திலை கேற் போட்டால் ரெண்டு வீடும் ஒரு வீடோ? இல்லையெல்லே. உள்ளுக்கை இருக்கிறது ஒண்டோ எண்டு கேக்கிறது வேறை, அதே வீடோ எண்டு கேக்கிறது வேறை.

கொன்ஸ்ட்ரக்டர் வந்தால் தேப்பன்தான் முந்தி. தேப்பன் பிறக்காமல் பிள்ளை பிறக்காது. என்ன சிரிக்கிறீர்? சோதினை மண்டபத்திலை உதுதான் ஞாபகம் வரும். பெயரைப் பார்த்து ஏமாறாதையும். வாகனம் எண்டு கூப்பிட்டாலும் வந்து நிக்கிறது வயல் உழுற லாண்ட்மாஸ்டர் எண்டால், கேக்கிறது லாண்ட்மாஸ்டர் சத்தம்தான்.

ஓ, அண்ணை உதையும் எழுதி வச்சிருக்கிறானோ? ஓம், அது நான் சொன்ன கதை. எனக்கு எதையும் கதையாக்கித்தான் விளங்கும். நாங்கள் பாடத்தைப் பாதி பாதியாப் பிரிச்சனாங்கள். ஒராள் தன்ரை பாதியைப் படிச்சு மற்றாளுக்குச் சொல்லிக் குடுக்கிறது. லூப், அரே, எக்ஸெப்ஷன் எல்லாம் அவன். கிளாஸ், பரம்பரை எல்லாம் நான். அவன் எனக்குச் சொல்லித் தந்ததிலை ஒரு பிழை இருக்கேல்லை தங்கச்சி. ஒண்டு கூட.

நீர்வேலி வந்திட்டுது. குலை ஏத்துறாங்கள், கொஞ்சம் சுணங்கும். சனம் இருக்க இடமில்லை, வாழைக்குலைக்கு இடமிருக்கு.

அண்ணை என்ன செய்யிறான்? இன்னும் வெங்காய லொறியிலை தம்புள்ளைக்கு ஓடுறானோ? போன மாசமும் என்ரை வீட்டு வாசலிலை ரெண்டு கிலோ சின்ன வெங்காயம் வச்சிட்டுப் போனவன். நான் உள்ளுக்கைதான் இருந்தனான். வெளியிலை வரேல்லை. ஏனெண்டு... விடும்.

என்ன சொன்னீர்? இன்ரநெற்றிலை செய்து பார்க்கிற சோதினையிலை ஒரு வகைக் கேள்வி மட்டும் எப்பவும் பிழைக்குதோ? எது, காட்டும். பதினேழாம் பக்கம். ஓம். தெரியும். நான் உந்தக் கொப்பியைக் கண்ட நேரத்திலையிருந்து உந்தப் பக்கத்தைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.

அப்ப அந்த வெப்சைட்தான் பிழையெண்டு நினைச்சனீரோ? அண்ணை எழுதினபடியாலையோ?

ஐயோ பிள்ளை.

கோப்பாய்ச் சந்தியோ? ஓம், நான் இதிலைதான் இறங்கோணும், ஒரு கடையிலை பில் மிசின் பழுது. பரவாயில்லை, அவங்கள் இருப்பாங்கள். பஸ் போகட்டும்.

கேளும். ஒரு ஊரிலை ஒரு அப்பர் இருந்தாராம். தன்ரை வளவுக் கிணத்தை ஊருக்கெண்டு திறந்து விட்டவராம். மகன் தலையெடுத்த பிறகு அந்தக் கிணத்தடிக்குப் பூட்டுப் போடலாமோ? ஏலாது. அப்பர் சொன்ன வாக்கை நம்பிச் சனம் வாளியோடை வந்து நிக்குமெல்லே. அப்பர் பாதி திறந்ததை மகன் முழுசாத் திறக்கலாம். திறந்ததைப் பூட்டக் கூடாது. தேப்பன் கிளாசிலை பப்ளிக் எண்டால் பிள்ளை அதைப் பிரைவேட் ஆக்கேலாது. அவ்வளவும்தான் விசயம். இனி உந்தப் பக்கத்திலை என்ன கிடக்கெண்டு வாசியும். மகன் பூட்டலாம், திறக்கக் கூடாது. மறுவளமா.

இல்லை, அண்ணை பிழையாப் பார்த்தெழுதேல்லை. நான் அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தனான்.

பிழை எல்லாருக்கும் வாறதுதானே எண்டு சொல்லாதையும். பொறும். நீர் நல்ல பிள்ளை, அண்ணையைப் போலைதான் கதைக்கிறீர். அதுதான் எனக்குக் கஷ்டம்.

அந்த நேரம் ஒபிசிலை எங்கள் ரெண்டு பேரிலை ஒராளைத்தான் நிரந்தரமாக்கிறதெண்டு சொல்லிப்போட்டினம். உந்த ஜாவாச் சோதினையிலை ஆருக்கு மாக்ஸ் கூடவோ அவருக்கு. உமக்குத் தெரியுமோ அது? வீட்டிலை சொல்லேல்லையோ? அவன் சொல்லியிருக்க மாட்டான். எங்கடை வீட்டிலை எண்டால் அம்மா சோதினை முடிய முதலே ஆக்களுக்குச் சொல்லத் தொடங்கிட்டா.

வெள்ளிக்கிழமை சோதினை. வியாழன் விடிய என்னை எழுப்பி மோட்டார்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு கீரிமலைக்குப் போனான். கேணியிலை மூண்டு முழுக்குப் போட்டால் தலை தெளியுமாம். வீட்டிலை இருந்து படிக்காமல் தண்ணிக்கை என்னடா எண்டன். வா மச்சான், ரெண்டு பேரும் சேர்ந்து பாஸ் பண்ணுவம் எண்டான். கழுத்தளவு தண்ணியிலை நிண்டுகொண்டு முழுப் பாடத்தையும் தேவாரம் மாதிரிச் சொன்னவன். பக்கத்திலை குளிச்ச ஐயா ஒருத்தர், தம்பி இது எந்தப் பதிகம் எண்டு கேட்டார். நாங்கள் சிரிச்ச சிரிப்பு! பேந்து அவன் சொன்னான், மகன் பூட்டலாம், திறக்கக் கூடாது, சரியோ மச்சான் எண்டு.

நான் ஓம் எண்டன். சொல்லிப்போட்டு முழுகினன். மூச்சு முட்டுமட்டும் தண்ணிக்குள்ளையே நிண்டன். அவன் மேலை நிண்டு எண்ணிக்கொண்டிருந்தானாம், நான் என்னமோ வித்தை காட்டுறனெண்டு.

இருபாலை. இன்னும் கொஞ்சம்தான். நேரம் எத்தினை? ஒன்பது இருபதோ, காணும், பத்துக்கு முதல் போயிடுவீர்.

சோதினை முடிஞ்சு வெளியிலை வந்து என்ரை தோளிலை அடிச்சான். மச்சான், உன்ரை கிணத்துக் கேள்வி ரெண்டு வந்தது, நீ சொன்னபடியே ரெண்டும் போட்டிட்டன் எண்டான். அப்பிடி ஒரு சந்தோசம் முகத்திலை. அறுபது கேள்வியிலை முப்பத்தொன்பது சரி வந்தால் பாஸ். அவனுக்கு முப்பத்தெட்டு. நிரந்தர வேலை எனக்குக் கிடைச்சது. அந்த மாக்ஸ் சீட்டைக் கையிலை வச்சுக்கொண்டு, எனக்கு உதுக்கு மூளை காணாது மச்சான், நீ படி எண்டு சொன்னவன். திரும்ப எடடா எண்டு நான் ஒரு வார்த்தை சொல்லேல்லை. அதுக்குப் பிறகு அவன் உந்தக் கொப்பியைத் திறந்திருக்க மாட்டான். திறந்தால்தானே பிழை தெரியும். உம்மட்டை எப்ப தந்தவன்? அலுமாரியிலை நீராத்தான் தேடி எடுத்தனீரோ. அப்பிடியெண்டால் சரி.

கல்வியங்காடு வந்திட்டுது. இந்தாரும் பேனை. பக்கத்தைக் கிழிக்காதையும், அந்த வரியிலை ஒரு கோடு மட்டும் கீறும். என்னைப் பார்க்காதையும், கொப்பியைப் பாரும். இப்ப சொல்லும், அப்பர் திறந்ததை மகன்? ஆ, அதுதான். அங்கையும் அப்பிடியே போடும்.

பேனையை வச்சிரும். நான் இதிலை இறங்கி மற்றப் பஸ்ஸிலை திரும்பிப் போறன்.

நான் சொல்ல வந்தது, நான் அந்தக் கிணத்து விசயத்தைச் செவ்வாய்க்கிழமையே கொம்பியூட்டரிலை போட்டுப் பார்த்திட்டன் தங்கச்சி. கீரிமலைக்குப் போக ரெண்டு நாளுக்கு முந்தி. பிழையெண்டு தெரிஞ்சுதான் ஓம் எண்டனான்.

சோதினை முடிஞ்ச பிறகு அண்ணைக்கு ஒருக்கால் போன் எடும். அவனுக்கு வந்தது முப்பத்தெட்டு இல்லை, நாப்பது எண்டு சொல்லும். மற்ற ரெண்டும் என்னட்டைக் கிடக்குது.