மாப்பிள்ளைக்கு ஒரு சைக்கிள்

சைக்கிளை மட்டும் அவசரப்பட்டு வாங்கக் கூடாது சார். மிக்சியை அவசரப்பட்டு வாங்கினால் சட்னி திப்பி திப்பியாக இருக்கும், அதோடு போயிற்று. சைக்கிள் ஆளோடு ஒட்டுகிற பொருள். பிரேம் கொஞ்சம் உயரம் கூடினாலும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சீட் சரியில்லை என்றால் மனிதன் உட்காரவே பயப்படுவான். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறீர்கள். இருக்கிறது. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ள உங்களுக்கும் வசதியாக இருக்கும்.

என் பெயர் குமாரசாமி. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தேன். இப்போது கொட்டகை காலியாகக் கிடக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் போர்வெல் மோட்டாரிலிருந்து பெண்ணுக்குச் சீர் கொடுக்கிற பிரிட்ஜ் வரைக்கும் என்னைக் கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. அதற்காக யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒருவர் திணறும்போது அவர் பக்கத்தில் நிற்பது எனக்குப் பிடிக்கும். பண்ணை போன பிறகு எனக்கு மிஞ்சிய மரியாதை அது ஒன்றுதான்.

சென்னிமலை என் தங்கை வசந்தாமணியின் வீட்டுக்காரர். நான் மாப்ள என்பேன், அவர் மச்சான் என்பார். தன் காட்டில் குச்சிக்கிழங்கும் மஞ்சளும் பயிர் செய்கிறவர். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர், ஆனால் டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை. அதன் பலனாக வலது உள்ளங்காலில் ஆறாத புண். டாக்டர் தெளிவாகச் சொன்னார். கால் தங்க வேண்டும் என்றால் சர்க்கரை இறங்க வேண்டும். சர்க்கரை இறங்க உடம்பு அசைய வேண்டும். ஆனால் அந்தக் காலை ஊன்றி நடக்கக் கூடாது. காலையில் சைக்கிள் ஓட்டுங்கள், காட்டுக்கும் அதிலேயே போங்கள், நடந்தால் காலை எடுக்க வேண்டி வரும் என்றார். நானும் கூட இருந்து கேட்டேன்.

மறுநாளே அவர் ராசிபுரம் போய், கடை வாசலில் நின்ற ஒரு பச்சை ஹைப்ரிட் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் ஏறி என் வீட்டு வாசலைத் தாண்டிப் போனார், மணி வேறு அடித்தார். எனக்கு வலித்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அந்தப் பச்சை சைக்கிள் சீக்கிரமே பால் சொசைட்டி வாசலிலிருந்து திருட்டுப் போய்விட்டது. இப்போதைக்கு அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

அன்று சாயங்காலமே சென்னிமலை என் வீட்டுக்கு வந்தார். "மச்சான், வேற ஒண்ணு வாங்கோணுங்க. ரொம்ப வெலையில்லாம, அதே ஹைப்ரிட்டாட்டம். இந்தத் தடவ நீங்கதான் பாத்துச் சொல்லோணும்" என்றார்.

கூட வந்த வசந்தாமணிக்கு ஹைப்ரிட் என்ற பேச்சே ஒப்பவில்லை. "ஹைப்ரிட்டு எதுக்குங்ண்ணா? ஹைப்ரிட்டு மக்காச்சோளமே மறு வெதைக்கு ஆகறதில்ல. நல்ல நாட்டு சைக்கிளாப் பாருங்க" என்றாள். தார்ரோட்டில் ஓடுகிற மெல்லிய சைக்கிளும் மலையேறுகிற தடித்த சைக்கிளும் சேர்ந்ததுதான் இது என்று விளக்கினேன். "மருந்து அடிக்கத் தேவையில்லீங்களே?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

அந்த நாட்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் சார். சேலத்தில் ஒரு கடை விடவில்லை. இரும்பு பிரேமா, அலுமினியமா? நம் பக்கத்துக் கரட்டு ஏற்றத்துக்கு எத்தனை கியர் போதும்? சோற்றுப் போசி வைக்கப் பின்னால் கேரியர் மாட்ட முடியுமா? சரவணக்குமார் என்ற கடைக்காரர் என் கேள்விகளைக் கேட்டுவிட்டு, நீங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவரா என்று கேட்டார். சென்னிமலை ஒரு ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். ஒருநாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது, "சைக்கிள் வர்ற வரைக்கும் காத்தால நடந்து சமாளிச்சுக்கறேனுங்க மச்சான், சக்கர ஏறிரக் கூடாதுல்ல" என்றார். நடக்கக் கூடாதே மாப்ள என்றேன். அதற்கு மேல் வற்புறுத்தினால் நானே அவரை அவசரப்படுத்தியது போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்றை முடிவு செய்தேன். விலைக்குத் தகுந்த பொருள். பூட்டையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன், இரண்டாவது சாவி என்னிடமே இருந்தது. அவர் தினமும் ஓட்டினார். சர்க்கரை இறங்கியது. புண்ணின் ஓரம் காயத் தொடங்கியது. தங்கை வீட்டுக்குப் போனால் எனக்கு முறுக்கு கிடைத்தது.

அப்போதுதான் சரவணக்குமார் போன் செய்தார். கிட்டத்தட்ட அதே விலைக்கு அலுமினிய பிரேம், டிஸ்க் பிரேக்கோடு புதிது வந்திருக்கிறதாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பேச்சை நம்பி ஒரு மனிதர் கனமான இரும்பை மிதித்துக்கொண்டிருக்கிறார். மாப்ள, மாத்திக்கலாமா என்று கேட்டும் பார்த்தேன். "எதுக்குங்க மச்சான், இது ஜம்முனு ஓடுதே" என்றார். விவசாயம் பார்க்கிறவர்கள் ஓடுகிற பொருளை மாற்ற மாட்டார்கள். அது தொலைந்தால்தான் உண்டு.

அதனால் அதை எடுத்து வைத்தேன். திருட்டு என்று எழுதுகிறீர்கள், எழுதுங்கள். குறையுள்ள சரக்கைக் கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்வதில்லையா? அந்த மாதிரிதான் இது.

சென்னிமலை மறுபடியும் வந்தார், ஆனால் ஆள் சுரத்தாக இல்லை. "எதோ ஒண்ணு மச்சான். ரெண்டு சக்கரம் இருந்தாச் சரி" என்றார். அத்தனை கடை ஏறி இறங்கியதற்கு இப்படி ஒரு வார்த்தை. அந்தப் புது மாடலை உடனே வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். சாம்பல் நிற சைக்கிளில் ஒருமுறை ஏமாந்தவன் நான். அதனால் புது மாடலில் நீல நிறமாக ஒன்றை என் காசில் வாங்கிக் கொட்டகையில் வைத்து, நானே ஓட்டிப் பார்த்தேன். ஒரு மழைக்காலமாவது தாங்குகிறதா என்று தெரியாமல் சொந்தத் தங்கை வீட்டுக்காரரிடம் எப்படிக் கொடுப்பது?

இதற்குள் வசந்தாமணி பயந்துவிட்டாள். "ரெண்டு சைக்கிளும் போயிருச்சு. சைக்கிளே இவருக்கு ஆகாதோ என்னமோ. கருப்பனார்கிட்டப் பூக் கேட்டுட்டு வாங்கலாமுங்ண்ணா" என்றாள்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி முன்னால் போடுவோம். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். கேட்கிற வீட்டுக்காரர்கள் பொட்டலம் கட்ட மாட்டார்கள், அடையாளம் தெரிந்துவிடும் என்பதற்காக. அந்த வீட்டில் இல்லாத, நம்பிக்கையான ஒருவர்தான் கட்ட வேண்டும். வசந்தாமணி என்னைக் கட்டச் சொன்னாள்.

மழை இன்னும் தொடங்கவில்லை. நீல சைக்கிளைப் பற்றி என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாத நிலை. அந்தச் சமயத்தில் வெள்ளை வந்துவிட்டால் அவர்கள் ராசிபுரம் போய்க் கண்ணில் பட்டதை வாங்கிவிடுவார்கள். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியைக் கட்டினேன். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது வழக்கமில்லை. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டது போல ஆகும். சிவப்பைப் பார்த்ததும் வசந்தாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி வேண்டாமுன்னு சொல்லீருச்சு, பொறுத்துப் பாக்கலாங்க" என்று சென்னிமலை சமாதானம் சொன்னார். அடுத்த அமாவாசைக்கும் கேட்டார்கள், அதற்கடுத்த அமாவாசைக்கும் கேட்டார்கள். கருப்பனார் மாறவே இல்லை.

அவர் நடந்தார். நான் பலமுறை பார்த்தேன், விடிந்ததும் வாய்க்கால் மேட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போவார். ஒருநாள் நான் நீல சைக்கிளில் ஓட்டம் பார்த்துக்கொண்டு வந்தபோது, எதிரே வந்து ஓரமாக ஒதுங்கி நின்றார். "நல்லா ஓடுதுங்களா மச்சான்?" என்று கேட்டார். பிரேக் மட்டும் இன்னும் பார்க்க வேண்டும் என்றேன். உங்களுக்கென்ன, உங்களுக்குச் சாமி தடுக்கவில்லையே என்று சிரித்தார்.

மழை முடிந்தது. சைக்கிள் அருமையாகத் தாங்கியது, ஒரு இடத்தில்கூடத் துரு இல்லை. இந்த அமாவாசைக்கு வெள்ளை கட்டுவது என்று முடிவே செய்துவிட்டேன். அந்த வாரம்தான் சேலத்தில் அவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்குக் கயிற்றுக் கட்டில் வேண்டும் என்று, என்னைத் தேடி வசந்தாமணி கொட்டகைக்கு வந்தாள். அங்கே மூன்று சைக்கிளும் வரிசையாக நின்றன. மூன்றுக்கும் காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். ஒரு பொருளை வீணாக்குகிற பழக்கம் எனக்கில்லை. அவளை உட்காரச் சொல்லி, சாம்பல் நிறத்தைப் பற்றியும் நீலத்தைப் பற்றியும் பூவைப் பற்றியும் எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் உட்காரவில்லை, ஆனால் கடைசிவரை கேட்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"பச்சையுமாங்ண்ணா?"

"அது என்னையக் கேக்காம வாங்குனது அம்மணி" என்றேன்.

அவள் கட்டிலை எடுக்காமலே போய்விட்டாள். சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து உங்கள் ஆள் வந்தார்.

ஆமாம் சார், மூன்றையும் நான்தான் செய்தேன். பச்சையையும் சாம்பலையும் எடுத்தது நான், பூவைக் கட்டியதும் நான். அந்தக் கால் போனதில் எனக்கு வருத்தமில்லை என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அழுததைவிட நான் அதிகம் அழுதேன். அங்கே செயற்கைக் கால் செய்கிறவர் ஒருவர் நாலைந்து மாதிரிகளை வைத்திருந்தார். பாதத்திலேயே அத்தனை வகை இருக்கிறது சார், எனக்குத் தெரியாமல் போய்விட்டது. குதிகால் அமுங்குவது, அமுங்காதது, சேற்றில் இறங்கத் தோதானது. குறைந்த விலையிலும் நல்லதாக ஒன்று கிடைக்கும், ஆனால் தேடிப் பிடிக்க வேண்டும். வசந்தாமணி கண்ணில் பட்ட முதல் காலையே வாங்கிவிடுகிற ஆள். நான் வெளியே வரும்வரைக்கும் பொறுக்கச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.

மாப்பிள்ளைக்கு இனிமேல் அவசரம் ஒன்றும் இல்லையே.