நட்சத்திரம் போட்ட சொல்

வேலுத்தாய்: கைய விடும். கொழுந்து கிள்ளுற கை, வலிக்கி. துரை எப்பவோ போயிட்டாரு.

சங்கையா: போயிட்டாரா? நான் கவனிக்கல.

வேலுத்தாய்: வேர்வையப் பாரும்... துரைக்கு என்னத்துக்கு இந்தக் கூத்து?

சங்கையா: கூத்து இல்ல புள்ள, ஆராய்ச்சி. அவுக நாட்டுப் பக்கம் ஆதியில ஒரே பாசையாம். பொறவு பத்தாப் பிரிஞ்சு போச்சு. இந்தப் பத்தையும் வச்சு அந்தப் பழசக் கண்டுபிடிக்காரு.

வேலுத்தாய்: தேயிலைக் கணக்குப் பாக்க வந்த மனுசனுக்கு...

சங்கையா: சாப்பிடுறப்பவும் அதே பேச்சுதான். சமைச்சுப் போடுறவன் கேட்டுத்தான ஆவணும்? அந்தப் பழசுல 'வெஸ்தி'ன்னு ஒரு சொல்லு. கூட்டிட்டுப் போறதுன்னு அர்த்தம். பழைய ஆளுக கல்யாணம் கட்டுறதையும் அதை வச்சே சொன்னாவளாம்.

வேலுத்தாய்: ஏனாம்?

சங்கையா: பொண்ணக் கையப் புடிச்சுக் கூட்டியாந்தாத்தான் அங்க கல்யாணம், அதுல வந்த வழக்கா இருக்கும்னு நெனைக்காரு. உங்க ஆளுகள்ல எப்படின்னு கேட்டாரு.

வேலுத்தாய்: அதுக்கு பங்களா வாசல்ல இருந்து கூலி ஆளுக லயத்துல இருக்க உம்ம வீடு வரைக்குமா? வலது கால வச்சு உள்ள வேற வரச் சொன்னீரு.

சங்கையா: முறைன்னா முழுசாக் காட்டணும்லா.

வேலுத்தாய்: எங்கண்ணன் பெரியமுத்து கேட்டா வெட்டிப்புடுவான். வெள்ளிக்கிழமை என்னையக் கங்காணிக்கு மூணாந்தாரமாக் கட்டிக் குடுக்கதா வாக்குக் குடுத்திருக்கான்.

சங்கையா: இனி எப்படிக் குடுப்பான்? நம்ம ஆளுகள்ல, கையப் புடிச்சு வாசப்படி தாண்டி... அதை நாலு பேரு பாத்துட்டா... அம்புட்டுத்தான், கல்யாணம் ஆயிட்டு.

வேலுத்தாய்: இது துரைக்குக் காட்டினதுதான?

சங்கையா: தண்ணி குடிக்கியா புள்ள?

வேலுத்தாய்: என்னய்யா முழிக்கீரு?

சங்கையா: துரை காட்டச் சொல்லல. வாயால சொன்னாப் போதும்னாரு.

வேலுத்தாய்: ம்.

சங்கையா: கோவமா?

வேலுத்தாய்: அந்த 'வெஸ்தி'ங்கிற சொல்ல அவரு காதால கேட்டிருக்காரா?

சங்கையா: யாருமே கேட்டதில்ல. எழுதியும் வைக்கல. அதான் முன்னால ஒரு நட்சத்திரம் போடுதாரு. சாட்சி இல்லன்னு அடையாளமாம்.

வேலுத்தாய்: அப்ப நமக்கு நட்சத்திரம் வேண்டாம்.

சங்கையா: ஆமா, லயமே தெரண்டு நின்னுச்சே. கங்காணி சம்சாரம் ரெண்டு பேரும் முன்வரிசையில... இன்னைக்கு தேவிகுளத்துல சந்தை. உங்கண்ணனத் தவிர ஒருத்தரும் போகல. அதான் எனக்கு வெளங்கல.

வேலுத்தாய்: அண்ணன விடியக்காலமே சந்தைக்கு அனுப்பிட்டு, வீடு வீடாப் போயி, 'வந்து பாருங்க'ன்னு நாந்தான் சொல்லிட்டு வந்தேன்.