திருப்பிக் கொடுக்காத இடம்

பக்கத்து வீட்டில் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, ஐயா. எங்கள் அலமாரியில் பாதி அடுத்தவர்களுடையது. மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் தொழிலில் நான் சுத்தம். சி மொழியில் நிரல் எழுதுகிறவன். ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரல் தனக்கு வேண்டிய இடத்தைக் கணினியின் நினைவகத்தில் கேட்டு வாங்கும், அதற்கு மால்லாக். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஃப்ரீ, ஒரே வரி. கொடுக்காமலே வாங்கிக்கொண்டிருந்தால் ஒருநாள் இடம் தீர்ந்து எல்லாம் நின்றுவிடும்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் இதயத் துடிப்பைத் திரையில் காட்டும் நிரல் என்னுடையது. முதலில் அந்த ஃப்ரீ வரியை எழுதித்தான் கொடுத்தேன். பிசகில்லாமல் ஓடியது. அதுதான் வினை. ஒரு ஈ காக்கைகூட என்னைக் கூப்பிடவில்லை.

வரியை எடுத்துவிட்டேன். அடுத்த வாரமே தலைமை நர்ஸ் கூப்பிட்டார்.

"சார், திரை அப்படியே நின்னுடுச்சு. நீங்க வந்தாதான் ஆகும்."

போய் அணைத்துப் போட்டேன். அவ்வளவுதான் வித்தை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பிறகு வாராவாரம் அதே உபசாரம். "வீட்ல ஃபேன் நின்னு எத்தன நாளாச்சு, அதப் பாக்க ஆளில்ல" என்பாள் மனைவி. ஃபேன் நன்றி சொல்லாது, ஐயா.

வெறும் திரையைக் கண்டால் பாவம், பதறுவார்கள். அதனால் இடம் கிடைக்காதபோது கடைசியாக வந்த துடிப்பையே காட்டும்படி எழுதியிருந்தேன். எனக்கு இளகிய மனசு.

அன்று திரை நிற்க வேண்டிய நாள். சட்டையை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை.

"நீங்களே ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"கூப்பிடாத எடத்துக்கு நானாப் போய் நிக்கணுமா? எனக்கும் ரோஷம் இருக்கு."

வார்டில் அன்று கூட்டமாம். திரை நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அங்கே தலைமை நர்ஸின் அப்பா படுத்திருந்தார். அது எனக்குத் தெரியும். முந்தின வாரம் நர்ஸே அவரைக் காட்டியிருந்தார். பெரியவரின் இதயம் நின்றபோது திரையில் நல்ல துடிப்பு இருந்தது.

"நல்லாதானே காட்டுச்சு, சார்?" என்று நர்ஸ் என்னிடம் கேட்டு அழுதார்.

"வயசானவர்தானேம்மா" என்றேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். இப்போது வேறு யாரோ அந்த ஃப்ரீ வரியைச் சேர்த்துவிட்டாராம். திரை நிற்பதே இல்லையாம். சேர்த்தது சரிதானா என்று என்னை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.