இடது கால் பிரேக்

முதன்முதலாகப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்ரோல் டேங்கைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். புதிதாகப் பெயின்ட் அடித்து ஓரத்தில் தங்கக் கோடு இழுத்திருந்தால் போதும், வேறு எதையும் பார்ப்பதில்லை. அது தப்பு. ஏறி உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிறதா, உதைத்து ஸ்டார்ட் செய்ய முடிகிறதா, உதிரி பாகம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பிரேக் எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என் கணவருக்கு வண்டி தேர்ந்தெடுத்தபோது இதையெல்லாம் நான் பார்த்தேன். விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, மேடம். அதற்காகத்தான் முதலிலேயே சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். சின்னச் சின்ன கிளினிக்குகளுக்குப் போய், ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி எடுத்துவர வேண்டும். அதற்காக என் சம்பளத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தேன். கொட்டுகிற மழையில் ஓட்டியிருக்கிறேன், தார் உருகுகிற வெயிலில் ஓட்டியிருக்கிறேன். ஒரு குழாய்கூட உடைந்ததில்லை. பெண் பார்க்க வந்தபோது அவர் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துச் சிரித்தார். பிடித்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் பிறந்தபோது அம்மா வீட்டில் இருந்தேன். குழந்தையோடு திரும்பி வந்தால், வண்டி நிற்கிற இடத்தில் துணி துவைக்கும் மெஷின் நிற்கிறது. வீட்டுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று வண்டியை விற்று இதை வாங்கிவிட்டாராம். குழந்தைத் துணியைக் கையால் கசக்க வேண்டியதில்லை, என் பிள்ளை எப்படி யோசித்திருக்கிறான் பார் என்று மாமியார் பூரித்துப்போனார். என் அம்மாவும் அதையே சொன்னாள். அந்த மெஷினில் அவருடைய சட்டைகளைத் துவைத்தேன். காலர் அழுக்கு போகவில்லை என்றால் என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுவார். மறுபடி போட்டுத் துவைப்பேன். இப்போதும் அதே பரிசோதனை நிலையத்தில்தான் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து குழாய்களில் பெயர் ஒட்டுகிறேன். வேறொரு பெண் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஐஸ் பெட்டியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். அப்படியே இருந்திருப்பேன்.

அவருக்கு விளக்குக் கடை. தலை நரைக்கத் தொடங்கிய வயதில் அவருடைய நண்பர்கள் ஆளுக்கொரு பழைய வண்டி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூட்டமாகக் கிளம்பினார்கள். இவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. காரிலேயே வளர்ந்தவர். ஒருநாள் அவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டீ கொண்டுபோய் வைத்தேன். அதில் ஒருவர், நீங்க அந்தக் காலத்துல ஓட்டுவீங்களாமே என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“எங்க ஓட்டினா? ஒரே பயம். கை காலெல்லாம் நடுங்கும். பாவமா இருந்துச்சு, நான்தான் வேணாம்னு வித்துட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். என் கை நடுங்கவில்லை, மேடம். அதை நின்று கவனித்தேன்.

அவர்கள் போனபின் இவர் சமையலறை வாசலில் வந்து நின்று, உனக்குத்தான் வண்டியைப் பற்றித் தெரியுமே, எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடு, நல்ல பழைய வண்டியாக ஒன்று பார்த்துச் சொல் என்றார். அவருக்கு ஒரு உறுத்தலும் இல்லை. சரி என்றேன்.

என் தம்பியின் வண்டியை இரவல் வாங்கினேன். இந்தக் காலத்து வண்டி, வலது காலில் பிரேக், இடது காலில் கியர். கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில் காலை வேளைகளில் சொல்லிக்கொடுத்தேன். கையில் இருக்கிற முன்பிரேக்கைத் தொடாதீர்கள், தூக்கி வீசிவிடும் என்று சொல்லி அந்தப் பழக்கமே வராமல் செய்தேன். மகளுடைய பழைய பந்தை எடுத்துப் போய் ஓரமாக நிற்பேன். அவர் கொஞ்சம் வேகமாக வரும்போது சக்கரத்துக்கு முன்னால் உருட்டிவிட்டு, வலது கால் என்று கத்துவேன். ஆரம்பத்தில் யோசித்து மிதித்தார். பிறகு யோசிக்காமல் மிதித்தார். கடைசியில் நான் கத்துவதற்கு முன்பே கால் இறங்கியது. மூளை மறந்தாலும் கால் மறக்கக் கூடாது. அந்த அளவுக்கு வரும்வரை நான் விடவில்லை. உன்னை மாதிரிச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது என்று அவரே பாராட்டினார்.

ஒருநாள் அவருக்குக் களைப்பாக இருந்தது. நீயே வீட்டுக்கு ஓட்டு என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு ஓட்டினேன். என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நல்லாத்தானே ஓட்டற என்றார். அன்றைக்கு என் மனம் மாறியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். மாறவில்லை. ஒரு சாவியை எடுத்து நீட்டுவது இவ்வளவு சுலபமா என்றுதான் தோன்றியது. இவ்வளவு சுலபமானதையா எனக்குத் தராமல் இருந்தார்?

பழைய வண்டிகளைப் புதுப்பித்து விற்கிற மெக்கானிக்கிடம் அவரை அழைத்துப் போனேன். நாங்கள் கேட்ட மாதிரி இரண்டு வண்டிகள் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. மெக்கானிக் நேர்மையான மனிதர். அவரைத் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். என் கணவர் கைவைத்த வண்டியைப் பார்த்ததும் அவர் குறுக்கே வந்தார்.

“புதுசா ஓட்டறவங்களுக்கு அது வேணாம் சார். அதுல பிரேக் இடது கால்ல, கியர் வலது கால்ல. அந்தக் காலத்துல அப்படித்தான். இன்னொண்ணு நிக்குதே, அதை இப்ப இருக்கற மாதிரி மாத்தி வெச்சிருக்கேன். அதை எடுத்துக்குங்க.”

இவர் தயங்கினார். மாற்றி வைத்த வண்டியின் பக்கம் இரண்டடி வைத்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

“நீ என்ன சொல்ற?”

“மாத்தினதுன்னு தெரிஞ்சா உங்க ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பாங்க,” என்றேன். “ஒரிஜினலையே எடுங்க. ரெண்டு நாள்ல கால் பழகிடும்.”

பழகாது. நிதானமாக ஓட்டும்போது நினைவு வைத்துக்கொண்டு சரியாக மிதிப்பார். திடுக்கிடும்போது, நான் பழக்கிய வலது கால்தான் இறங்கும். அங்கே இருப்பது கியர். கிளட்சையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் வண்டி தன் போக்கில் உருண்டு போகும். இது எனக்கு அங்கேயே, அந்தக் கடையில் நிற்கும்போதே தெரியும். அதற்கு ரொம்ப முன்னாலேயே தெரியும்.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வாசல்வரை வந்து, பிரேக் இடது காலில், ஞாபகம் இருக்கட்டும் என்று சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். எவ்வளவு அக்கறை என்று அவர்களும் சொல்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிய வளைவில், ஒரு தையற்காரப் பெண் சீருடை மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார். என் கணவருடைய வலது கால் நான் பழக்கியபடியே வேலை செய்தது. அந்தப் பெண் அங்கேயே இறந்துபோனார். இவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இறந்தவரின் கணவர் இவருடைய கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அடிக்க வந்த மனிதர், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். இவர் கட்டுப்போடாத கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“தப்பு என்னுதுதாங்க. முழுக்க என்னுது. மன்னிச்சிடுங்க.”

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். என் மகள், அப்பா யாரையும் குறை சொல்லவில்லை பாருங்கம்மா என்று என் தோளில் சாய்ந்தாள்.

அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பு என்னுது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. இருபது வருஷம் கூடவே குடித்தனம் நடத்திய எனக்குச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு மனிதருக்குக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். அதுவும் தான் செய்யாத ஒன்றுக்கு. ஊரெல்லாம் அவரை நல்லவர் என்கிறது. அந்தப் பெருமையை நான் அவருக்கு விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அதற்காகத்தான் யாரும் கூப்பிடாமலே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். என் கணவரைக் கொல்லத்தான் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். அதற்காகவே அவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். எந்த இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தத் தையற்காரப் பெண்ணின் பெயரை இதில் சேர்த்திருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். அவருக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை.